அப்பாவின் தொடைச் சதை

ஜூன் 3, 2024, திங்கள்

கிட்னி செயலிழந்து டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு இந்த மாதம் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு குறைந்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டருக்கு இல்லை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. டயாலிசிஸில் எந்த மாற்றமும் செய்யாமல் அது இறங்கினால், தசை கரைகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டுமாம். வேட்டியை ஒதுக்கித் தொடையைப் பிடித்துப் பார்த்தார். விரலுக்குள் தோல்தான் மடிந்து வந்தது. எடையோ அப்படியே இருக்கிறது. சதை போன கணக்கை உடம்பில் தேங்கும் நீர் சரிக்கட்டிவிடுகிறது.

ஜூன் 7, வெள்ளி

பசியில்லாமல்தான் மெலிகிறார் என்று நினைத்திருந்தோம். அது மட்டுமல்ல. ரத்தத்தில் அமிலம் ஏறினால் உடம்பு தன் தசையையே உடைக்க ஆரம்பிக்கிறது. அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதத்தின் கூறான அமினோ அமிலம் சில கிராம் வேறு வெளியேறுகிறது. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முந்தைய காலத்தில் புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். இப்போது ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். அப்பா 50 கிலோ, அப்படியானால் தினம் 50 கிராமுக்குக் குறையக் கூடாது. அவரோ பழைய பத்தியத்தை விடவில்லை. “கிட்னிக்காரன் முட்டை சாப்பிடலாமாம்மா?” என்கிறார். வெள்ளைக்கரு சாப்பிடலாம்ப்பா, அதில் கிட்னி நோய்க்கு ஆகாத பாஸ்பரஸ் மிகவும் குறைவு.

ஜூன் 19, புதன்

டயாலிசிஸ் மிஷின் ஓடும்போதே தொடைத் தசைக்குப் பயிற்சி. கணுக்காலில் அரைக் கிலோ மணல்பை கட்டி, முழங்காலை நீட்டி, மெதுவாக இறக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் நீர் நிறைய எடுத்திருப்பார்கள், பிரஷர் இறங்கலாம். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா கை தலையணை மேல் அசையாமல் இருந்தது. ஊசி போட்ட இடத்தை பிசியோதெரபிஸ்ட் அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “பாவம், அவரைப் படுக்க விடுங்களேன்” என்றார். எல்லோரும் அன்பாகத்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் படுக்கப் படுக்கத்தான் தசை வேகமாகக் கரைகிறது. இதை ஆரம்பத்திலேயே எல்லா நோயாளிகளுக்கும் சொல்ல வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார்! தொடை அளவு பெரிதாக மாறவில்லை. பலம் முதலில் வரும், சதை வர நாளாகும், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார் டாக்டர். சரி, பலம் வரட்டும். ரத்தத்தின் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அளவை அடுத்த ரத்தப் பரிசோதனையில் மறுபடி பார்ப்பார்கள். திங்களிலிருந்து மணல்பை முக்கால் கிலோ.