வன்னியில் எழும் மதில்கள்

வன்னியின் ஊர்களில் மதில் கட்டுவது இன்று பெருவழக்காகிவிட்டது. கண்டி வீதியை அண்டிய நிலங்களில் மட்டுமன்றி, முள்ளியவளை, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களிலும், முன்னர் கிளுவைக் கதியால் என்னும் உயிர்வேலித் தடிகளும் அலம்பல் என்னும் வெட்டிய கிளைகளும் வேலியாக நின்ற எல்லைகளில் சீமெந்துக் கல் அடுக்கி, ஆளுயரத்துக்கு மேல் எழுப்பி, பூசி, வர்ணமும் அடிக்கிறார்கள். இதைக் கண்டு அயலுறவு அழிந்துவிட்டது என்று வருந்துபவர்கள் பலர். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் மதில் கட்டுகிறவர்களைக் குறை சொல்வதற்கு முன்னர், இந்த மண்ணின் மக்கள் எத்தகைய சுவர்களுக்குள் வாழ்ந்து வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய வன்னிக்குக் காடே அரண். கோட்டை வெளியிலிருந்து வந்தவர்களுடையதாக இருந்தது. ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன முல்லைத்தீவுக் கோட்டையை 1803 ஆகஸ்ட் மாதத்தில் வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். குடிமக்களின் வீடுகளோ மண்சுவரும் குந்தும், அதற்கு மேலே காற்று நுழையும் ஓலைச் செத்தையுமாகவே இருந்தன. இங்கே உயர்த்திக் கட்டப்பட்டது குளக்கட்டுத்தான். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் அணை தாங்கி நிற்கும் தண்ணீரை நம்பியே அவற்றின் கீழுள்ள வயல்கள் விளைகின்றன. குளக்கட்டு உடைந்தால் எல்லோருடைய வயலும் போய்விடும் என்பதால், அதில் ஒரு நீர்க்கசிவு தென்பட்டாலும் ஊர் முழுவதும் பதறும்.

2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய மக்கள் வவுனியாவின் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் இருந்த செட்டிகுளம் மெனிக் பாமில், முகாமைச் சுற்றி முட்கம்பி வேலியும் காவலும் இருந்தன. உள்ளேயோ ஒரு குடும்பத்துக்கும் மறு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு தறப்பாள் மட்டுமே இருந்தது. வெளியே போகவிடாத தடுப்பு இருந்த அதே இடத்தில், வயதுவந்த மகள் உடை மாற்றுவதற்கு ஒரு மறைப்பு இல்லை; ஒருவர் தம் பிள்ளையை நினைத்து அழுவதற்குக் கூட அடுத்த கூடாரத்துக்குக் கேட்காத ஒரு மூலை இல்லை. அந்த ஆண்டு டிசெம்பர் வரையில் தம் விருப்பப்படி வெளியே சென்றுவர முடியாதிருந்தவர்கள் அவர்கள். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது. இவற்றையெல்லாம் அனுபவித்தவரிடம் சென்று, உங்கள் வளவுக்கு மதில் எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

மீள்குடியேற்றத்தின்போது இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கிடைத்தது. அதற்குள் வீட்டை முடிக்க முடியாமல் நகையை அடகு வைத்தவர்களும் கடன்பட்டவர்களும் உண்டு. மதிலைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்? அதிலும், கணவரைப் போரில் இழந்து, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடியபடி, பிள்ளைகளுடன் தனித்து வாழும் பெண்களுக்கு மதில் ஆடம்பரமன்று. இரவில் படலை அசையும் சத்தத்துக்கு விழித்திருந்தவர்கள் அவர்கள். ஆடு வளர்த்தும் சீட்டுப் பிடித்தும் சேர்த்த பணத்தில் அவர்கள் எழுப்பும் மதிலை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பின்னரும், வேலி தந்த சிலவற்றை மதில் தருவதில்லை என்பதை மறைக்க முடியாது. கதியால் குழை ஆட்டுக்குத் தீனியாகும், வயலுக்குப் பசளையாகும். மாரி வெள்ளம் வேலிக்குள்ளால் வடிந்து போகும். மதில் மறித்த வெள்ளமோ அயல் வளவுக்குள் ஏறிக் கிணற்றையும் கெடுக்கும். கட்டுவதற்கு அனுமதி கொடுக்கும்போதே வெள்ளம் வழியும் துவாரம் எங்கே என்று பிரதேச சபைகள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, வேலியில் பொட்டு என்னும் ஒரு நுழைவழி இருந்தது. அதனூடாகக் கறிக் கிண்ணம் போகும், பிள்ளைகள் போவார்கள், கிழவிகள் வெற்றிலைத் தட்டத்தோடு போவார்கள். எல்லைச் சண்டைகள் வேலிக் காலத்திலும் நடந்தன, உண்மைதான். கதியால் சாணளவு நகர்ந்ததற்காகத் தலைமுறையாகப் பேசாத குடும்பங்களை எங்கள் ஊரிலேயே அறிவேன். ஆனால் இடம்பெயர்ந்து திரும்பியபோது வேலியும் இல்லை, பலரிடம் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லை. அப்போது எல்லை எங்கே என்று காட்டிக்கொடுத்தவர் அயலவர்தான். ஆகவே மதில் கட்டுகிறவர்கள் பக்கத்து வளவுக்கு ஒரு சிறு வாசலாவது வைக்க வேண்டும் என்று நான் கண்டவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

வாசலே இருக்கக் கூடாது என்பதற்காகவே கட்டப்படும் சுவர்களும் உண்டு. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில், 1989இல் நடந்த சாதி மோதலை அடுத்துத் தலித் மக்களைப் பிரித்து எழுப்பப்பட்ட மதிலின் ஒரு பகுதி 2008 மே 6ஆம் நாள்தான் இடிக்கப்பட்டது. பெர்லின் மதில் வீழ்ந்ததும் அதே 1989இல்தான். ஆனால் ஒரு சிற்றூரின் சுவரை உடைக்க இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. சுவரின் வாசலைத் திறக்கவும் பூட்டவும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். உள்ளே வாழ்பவரிடம் அது இருந்தால் சுவர் வீடாகும். வெளியே நிற்பவரிடம் இருந்தால் சிறையாகும்.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு மக்களை அந்த உரிமை இல்லாதவர்களாகவே பார்க்கிறேன். தம் வீடும் தென்னையும் கிணறும் படைமுகாமின் வேலிக்குள் இருக்க, தாம் வீதியில் நின்றவர்கள் அவர்கள். 2017 தொடக்கத்தில் அங்குள்ள பிலக்குடியிருப்பு மக்கள் ஒரு மாதம் இரவுபகலாகப் போராடி, மார்ச் 1ஆம் நாள் தம் காணிக்குள் கால்வைத்தார்கள். அதே வேலிக்குள் காணி அகப்பட்ட மற்றவர்கள் அதன்பின்னரும் தொடர்ந்து போராட வேண்டியிருந்தது. காணி உறுதி கையில் வைத்திருக்கும் ஒருவருடைய காணியாவது முகாம் வேலிக்குள் இருக்கும்வரை, வன்னியில் மதில்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அந்த வேலியைப் பற்றித்தான் பேச வேண்டும்.