ரோபோவுக்குக் கட்டிய காப்பு

2023-ஆம் ஆண்டின் இறுதியில் டர்பனில், பிள்ளைகள் லெகோ பாகங்களால் ரோபோ கட்டி நிரல் எழுதி மேசைமேல் பணிகளை முடிக்க வைக்கும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் வட்டாரப் போட்டி நடந்தது. அதற்கு, அந்நகரின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து ஏழு பிள்ளைகளைப் பயிற்றுநராக நின்று அழைத்துச் சென்றேன். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டும் அது முழுவதும் தணியவில்லை. போட்டியின் அடிப்படை தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுவதால் ரோபோ விளையாட்டின் பணிகளை ஒவ்வொன்றாக விளக்கவில்லை. எங்கள் அணி எங்கெங்கே இடறியது என்பதையே சொல்கிறேன்.

முதல் இடறல் என்னுடையது. தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளோடு பணியாற்றுபவர், தம் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில், அதாவது பிள்ளைகளோடு பணியாற்றத் தகுதியற்றவர்கள் பட்டியலில், இல்லை என்பதற்குச் சான்று பெற வேண்டும். அதற்குரிய விண்ணப்பம் படிவம் 30. ஜூன் மாதமே அதை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஏழு வாரம் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோதுதான், அடையாள அட்டை நகலில் இருந்த காவல் நிலைய முத்திரை மூன்று மாதத்துக்கும் முந்தையது என்பதால் என் விண்ணப்பம் ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஒரு வரி மின்னஞ்சலில் தெரிவித்திருக்கலாமே என்றேன். “நீங்கள் கேட்கவில்லையே” என்று பதில் வந்தது. மறுபடியும் வரிசையில் நின்று, மறுபடியும் முத்திரை வாங்கி அனுப்பி, சான்று கைக்கு வந்தபோது அக்டோபர் பாதி கடந்திருந்தது. நகலுக்கு முத்திரை பெற்ற அன்றே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்; வேறு வேலைக்காக எடுத்த நகல் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதைச் சொருகி அனுப்பாதீர்கள்.

அணியைப் பதிவு செய்ததும், கட்டணம் கட்டியதும், போட்டிக்கான லெகோ தொகுப்பு வந்து சேர்ந்ததும் சிக்கலின்றி முடிந்தன. உட்புறம் 2362 மில்லிமீட்டர் நீளமும் 1143 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட மேசையை ஒட்டுப்பலகை வாங்கி நாங்களே செய்தோம். அதை வைக்க இடம் கொடுத்தவர் அணியிலேயே இளைய பையனின் ஆயா, அதாவது பாட்டி. பெற்றோர் இருவரும் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்ப்பதால் அவன் ஆயாவிடம் வளர்கிறான். மேசை அவர் வீட்டுக் கராஜில் நின்றது. அந்த ஆண்டு லோட் ஷெடிங் ஓயாத ஆண்டு என்பதால், மின்சாரம் இருக்கும் நேரத்தில் ரோபோவை ஓட்டிப் பார்ப்பது, இல்லாத நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் இணைப்புக் கருவிகளைப் பிரித்துக் கட்டுவது என்று பழகிக்கொண்டோம். மங்கலான கராஜில் பழகிய நிறச் சென்சாருக்குப் போட்டி அரங்கின் வெளிச்சம் வேறு உலகம். இதை முன்கூட்டியே நினைத்து, கறுப்பு வெள்ளை அளவுகளை அங்கேயே புதிதாக எடுத்துக்கொள்ளும் சிறு நிரலை ஒரு பெண் எழுதி வைத்திருந்தாள். அன்று எங்களுக்குப் பிசகாமல் நடந்த சிலவற்றுள் அதுவும் ஒன்று.

விதிநூலைப் பிள்ளைகளைக் கொண்டே உரக்கப் படிக்க வைத்தேன். போட்டிப் பருவத்தின் நடுவே வெளியாகும் திருத்தக் குறிப்புகளையும் வாரந்தோறும் பார்த்தோம், ஏனென்றால் விதிநூலும் திருத்தமும் முரண்பட்டால் திருத்தமே செல்லும். இவ்வளவு படித்தும் நாங்கள் கோட்டை விட்டது மிக எளிய விதியொன்றில்.

அந்தப் பருவத்தின் பெயர் மாஸ்டர்பீஸ்; கருப்பொருள் கலை. அணி தானே வடிவமைத்த லெகோ கலைப்பொருள் ஒன்றை ரோபோ அருங்காட்சியகப் பகுதியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் சிறு காவடி ஒன்றைச் செய்தார்கள். தைப்பூசம் தோறும் காவடி பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அதனால் வளைவெல்லாம் அழகாகவே வந்திருந்தது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கராஜுக்குள் வந்த ஆயா அதைப் பார்த்துவிட்டு, “காவடி தூக்குற வண்டிக்குக் காப்புக் கட்டாம அனுப்புவாங்களா?” என்று கேட்டு, ரோபோவின் தூக்கும் கையில் மஞ்சள் தடவிய கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

போட்டி நாள் காலை ஏழரை மணிக்குப் பதிவு மேசையில் நின்றோம். 2021 ஜூலை முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருப்பதால், பிள்ளைகளின் விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ ஒப்புதல் தர வேண்டும். இளைய பையனின் படிவத்தில் ஆயா கையெழுத்திட்டிருந்தார். அவனுடைய பள்ளித் தாள்கள் எல்லாவற்றிலும் அவர்தான் கையெழுத்திடுவார் என்பதால் எனக்கு அது உறுத்தவே இல்லை. மேசையில் இருந்தவருக்கு உறுத்தியது. பையனின் தாயைத் தொலைபேசியில் பிடித்து, அவர் கையெழுத்திட்ட படிவத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் வரவழைத்துக் காட்டினேன். திரையில் உள்ளதை ஏற்க முடியாது, பையன் யார் பொறுப்பில் இருக்கிறான் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார். அச்சிட்டுத் தந்தால் போதுமா என்று கேட்டேன். பத்திரம் என்றுதானே சொன்னேன் என்று அடுத்த அணியை அழைத்துவிட்டார்.

பிள்ளைகளை இன்னொரு பெற்றோரிடம் விட்டுவிட்டுச் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பி ஓட்டினேன். ஆயாவை ஏற்றிக்கொண்டு காவல் நிலையம் போய், எங்களுக்கு முன்னால் பதினொரு பேர் நின்ற வரிசையில் காத்திருந்து, அவர் சத்தியம் செய்து கையெழுத்திட்ட பத்திரத்தோடு மீண்டும் அரங்கை அடைந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பத்திரத்தைப் பிரிக்கவே இல்லை. “தாயின் கையெழுத்தை அச்சிட்டுத் தந்திருந்தாலே போதுமே” என்று சிரித்தபடி பையனின் பெயர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை அணியில் இருந்தால், பெற்றோர் கையெழுத்திட்ட மூலப் படிவத்தை ஒரு மாதம் முன்பே தபாலில் வரவழைத்து ஃபைலில் வைத்துவிடுங்கள்.

முதல் சுற்றுக்கு முந்தைய ஆய்வில் ரோபோவும் கருவிகள் அனைத்தும் ரோபோ புறப்படும் இடமான ஏவுபகுதி ஒன்றுக்குள், 305 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கியதால் 20 புள்ளிகள் கிடைத்தன. அடுத்த நொடி நடுவரின் விரல் மஞ்சள் கயிற்றில் வந்து நின்றது. லெகோ பாகங்களைத் தவிர வேறெதுவும் ரோபோவில் இருக்கக் கூடாது. பெயின்ட், டேப், பசை, எண்ணெய் எதற்கும் இடமில்லை. லெகோவின் சொந்த நூலை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், வெளிக் கயிறு ஆகாது. இந்த விதியைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கயிறு எங்கள் கண்ணில் ரோபோவின் பாகமாகவே படவில்லை. நடுவர் மரியாதையாகவே சொன்னார், கத்தரிக்கோலும் கொடுத்தார். தடுப்புக்கு அப்பால் நின்ற ஆயா, “வெட்டணும்னா நீயே வெட்டுடா, வேற கை படவேணாம்” என்று பேரனிடம் சொன்னார். அவன் வெட்டினான்.

அதன்பின் ரோபோ இடப்பக்கம் இழுத்தது. இரண்டரை நிமிடத்தில் மூன்று முறை கையால் எடுக்க வேண்டியதாயிற்று. வழியில் ரோபோவைக் கையால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நடுவர் ஒரு துல்லிய வில்லையை எடுத்துக்கொள்வார். ஆறு வில்லைகளும் மிஞ்சினால் 50 புள்ளி. ஒன்றை இழந்தாலும் 50 அப்படியே நிற்கும். அதற்குமேல் 35, 25, 15, 10 என்று சரியும். எங்களுக்கு 25 மிஞ்சியது. நிரலில்தான் பிழை என்று நினைத்து மடிக்கணினியைத் திறந்தால், போட்டிப் பகுதியில் புளூடூத் கூடாது, நாங்கள் கொண்டு வந்த கேபிளோ சார்ஜ் மட்டும் ஏற்றுமே தவிரத் தரவை அனுப்பாது. பக்கத்து அணி தங்கள் கேபிளைக் கொடுத்தது. திருத்திய நிரலோடு இரண்டாம் சுற்றில் நான்கு முறை எடுத்தோம். நிலைமை இன்னும் மோசம்.

“கயிறு இருந்த வரைக்கும் வண்டி நேராத்தானே போச்சு” என்று ஆயா சொன்னபோது, பெரியவர் மனத்தாங்கலில் பேசுகிறார் என்று எண்ணி நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேரன் அதை வேறு விதமாகக் கேட்டான். ரோபோவைத் தலைகீழாகத் திருப்பி, கயிறு இருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திக் காட்டினான். ஆயா போட்ட மூன்று சுற்றுக்குள் சென்சாரின் கேபிளும் சேர்ந்து கட்டுப்பட்டிருந்திருக்கிறது. கயிறு போனதும் கேபிள் தளர்ந்து இடச் சக்கரத்தில் உரசியிருக்கிறது. டயரின் விளிம்பில் பளபளப்பான ஒரு கோடு விழுந்திருந்தது. கடைசி ஒரு வாரப் பயிற்சி முழுவதையும் நாங்கள் அந்தக் கயிற்றின் புண்ணியத்தில்தான் செய்திருக்கிறோம்! ரோபோவுக்கான லெகோ தொகுப்பான ஸ்பைக் பிரைம் பெட்டியிலேயே கேபிளைப் பிடித்து வைக்கச் சிறு வண்ணக் கிளிப்புகள் இருக்கின்றன; இரண்டைப் பொருத்தினான். பழைய நிரலையே மீண்டும் ஏற்றினோம். மூன்றாம் சுற்றில் ஒரே ஒரு வில்லைதான் போனது, காவடியும் போய்ச் சேர்ந்தது. மூன்று சுற்றுகளில் சிறந்தது மட்டுமே கணக்கில் வரும் என்பதால் முதல் இரண்டும் எங்களை இழுத்துக் கீழே தள்ளவில்லை. உங்கள் ரோபோவில் லெகோ அல்லாத எது ஒட்டியிருந்தாலும் அதை இப்போதே கழற்றிவிட்டுப் பத்து முறை ஓட்டிப் பாருங்கள்.

மதிப்பீட்டாளர்களோடு இருந்த அரை மணி நேரம் நன்றாகவே போனது. இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று அழைக்கப்படும் தெருக்கூத்தை இளையவர்களிடம் கொண்டுசேர்க்க, போட்டியின் இன்னொரு பகுதியாக எங்கள் அணி செய்த திட்டத்தைப் பற்றி, யாரிடம் காட்டினீர்கள், அவர்கள் சொன்னபின் எதை மாற்றினீர்கள் என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தோற்றுப்போன மாதிரிகளின் படங்களை நோட்டில் ஒட்டி வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது.

நடு வரிசையில் ஓரிடம் பிடித்து வீடு திரும்பினோம். வெட்டிய கயிற்றை ஆயா கைப்பையில் முடிந்துகொண்டார். அந்த உறுதிமொழிப் பத்திரம் இன்னும் என் காரில் கிடக்கிறது. ஐந்து மாதம் அலைந்து வாங்கிய படிவம் 30 சான்றை அன்று முழுவதும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.