கறிவேப்பிலை போட்ட கார மஃபின்

எங்கள் வீட்டில் கேக் செய்தால் பாதி அப்படியே கிடக்கும். கணவருக்குச் சர்க்கரை, மாமியாருக்கும் சர்க்கரை, பையனுக்கு இனிப்பே பிடிக்காது. அதனால் ஆசைப்பட்டு வாங்கிய சின்ன மேசை ஓவன் ஆறு மாதமாக ரொட்டி சூடாக்கும் பெட்டியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் தழை போட்ட கார மஃபினில் இறங்கினேன்.

முதல் தடவை செய்ததைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் பையன் ஒன்றைத் தரையில் போட்டுப் பார்த்தான், அது எம்பியது என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான் (பொய், எம்பவில்லை). தப்பு என் கையில்தான். மெதுவடைக்கு உளுந்து மாவை எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு மெத்தென்று வரும் என்று பழகிய கை இது, அதே வேகத்தில் மைதாவையும் ஒரு கட்டிகூட இல்லாமல் அடித்துவிட்டேன். மைதாவில் குளூட்டன் இருக்கிறது. ஈரம் பட்ட பிறகு கலக்கக் கலக்க அது இழை இழையாகப் பின்னி இறுகும், உள்ளே கிளம்பும் வாயு வழி தேடித் துளைத்துக்கொண்டு மேலே போகும், வெட்டிப் பார்த்தால் பொந்து பொந்தாக ரப்பர். இப்போது கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று, அவ்வளவுதான். கட்டி கட்டியாக இருக்கும், பார்க்கவே மனசு கேட்காது. விட்டுவிட வேண்டும்.

தழைக்கு வருகிறேன். வெளிநாட்டுக் குறிப்புகளில் ரோஸ்மேரி, தைம் என்று இருக்கும், பேரங்காடியில் அது ஒரு சின்னப் பெட்டியில் நாலு குச்சி, விலையைப் பார்த்தால் திருப்பி வைத்துவிடத் தோன்றும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்காவுக்குப் போய் பஃபலோ ரோடு காய்கறிக் கடைகளில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் ரோஸ்மேரி சூட்டைத் தாங்கும், நம் கொத்தமல்லி தாங்காது, ஓவனில் அதன் வாசம் பாதி பறந்துவிடும். அதனால் தண்டையும் சேர்த்துப் பொடியாக நறுக்குகிறேன், தண்டிலும் நல்ல வாசம் இருக்கிறது. புதினாவைக் கடைசியில்தான் நறுக்க வேண்டும், முன்னாடியே நறுக்கி வைத்தால் கறுத்துவிடும். கறிவேப்பிலையைப் பச்சையாகப் போட்டால் வாயில் தோல் மாதிரி அகப்படும், சேர்க்கிற எண்ணெயிலேயே சீரகம், பச்சை மிளகாயோடு தாளித்து நன்றாக ஆறவிட்டுத்தான் சேர்க்கிறேன். ஆறாமல் ஊற்றினால் முட்டை வெந்துவிடும், அதையும் பார்த்தாகிவிட்டது.

கழுவிய தழை இந்த ஊர்ப் புழுக்கத்தில் காயவே காயாது. துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் வைக்கிறேன், ஈரத்தோடு போட்டால் நடுவில் களியாகிவிடும். இன்னொன்று, திறந்த பேக்கிங் பவுடரும் இதே புழுக்கத்தில் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். கொஞ்சம் சுடுதண்ணீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள், உடனே பொங்கினால் சரி, இல்லாவிட்டால் குப்பைக்கு.

என் ஓவனில் ஆறு குழித் தட்டுதான் நுழையும். பன்னிரண்டுக்கு மொத்தமாகக் கலக்கி வைத்தால் இரண்டாவது தட்டு சரியாக எழும்பாது, மோர் பட்டவுடனே சமையல் சோடா வேலையைத் தொடங்கிவிடுகிறதே. அதனால் ஆறுக்கு மட்டும் கலக்குகிறேன்: மைதா 125 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக (சீஸிலேயே உப்பு இருக்கிறது). இன்னொரு கிண்ணத்தில் முட்டை ஒன்று, கெட்டி மோர் 120 மில்லி, தாளித்த எண்ணெய் 40 மில்லி. துருவிய செடார் சீஸ் 50 கிராமும், நறுக்கிய தழை இரண்டு கைப்பிடியும். குழியில் முக்கால் வரை ஊற்றி, முன்கூட்டியே 200 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் 18லிருந்து 20 நிமிடம். சின்ன ஓவனில் மேல் கம்பி கிட்டத்தில் இருப்பதால் தலை சீக்கிரம் கருகும், பதினைந்தாவது நிமிடத்தில் எட்டிப் பாருங்கள், கருகுகிற மாதிரி இருந்தால் அலுமினியத் தாளால் லேசாக மூடிவிடலாம்.

மாமியார் இதற்கு வைத்த பெயர் "ஓவன் போண்டா". தொட்டுக்கொள்ள சட்னி எங்கே என்று கேட்டார், அரைத்தும் கொடுத்தேன், நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு (மலாய்க்கார அத்தை) நாலு கொடுத்தனுப்பினேன், அதற்காகவே ஹலால் முத்திரை இருக்கிற சீஸாகப் பார்த்து வாங்கியது. அவர் வீட்டிலிருந்து தட்டு வெறுமனே திரும்பி வந்ததே இல்லை. இந்த முறை அதில் எப்போக்-எப்போக்கோடு (மலாய்க்காரர்கள் செய்கிற கறி பஃப்), தாழ்வாரத் தொட்டியில் அவர் வளர்க்கிற லக்சா இலை (லக்சா நூடுல்ஸ் குழம்பில் போடுகிற வாசனைத் தழை) ஒரு கொத்தும் இருந்தது, அடுத்த தடவை இதைப் போட்டுப் பார் என்று. சனிக்கிழமை பார்க்கிறேன்.