விடுகை ஆண்டு

கடந்த ஆறு மாதங்களாக, ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை முழுவதும் ஒரு பழைய சேர்விடாப்பின், அதாவது மாணவர் சேர்க்கைப் பதிவேட்டின், முன்னால் அமர்ந்திருக்கிறேன். திருகோணமலையின் பழைய ஆங்கிலப் பாடசாலைகளுள் ஒன்றின் இடாப்பு அது. அங்கே படித்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து ஒரு நினைவு மலர் வெளியிட வேண்டுமென்று சிலர் முன்வந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதாலும், என் தந்தையார் அங்கே படித்தவர் என்பதாலும் பெயர்களைத் திரட்டும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

இடாப்பின் முதுகுத் துணி கிழிந்துவிட்டது. இராமபாணப் பூச்சி துளைத்த இடங்களில் சில பெயர்களின் நடு எழுத்துகள் இல்லை. ஆனாலும் நிரல்கள் தெளிவாக இருக்கின்றன: தொடரிலக்கம், மாணவர் பெயர், தகப்பனார் பெயர், தகப்பனாரின் தொழில், வதிவிடம், சேர்ந்த திகதி, விடுகைத் திகதி, கடைசியாக விடுகைக்கான காரணம். அந்தக் கடைசி நிரலில் தலைமை எழுதுவினைஞர் ஒருவர் ஓரிரு சொற்களில் எழுதி வைத்திருப்பவற்றைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ‘வேலை கிடைத்தது’, ‘யாழ்ப்பாணம் சென்றார்’, ‘கட்டணம் செலுத்தவில்லை’, ‘தகப்பனார் இடமாற்றம்’. ஒரு பிள்ளையின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியது என்பதை இரண்டு அங்குல இடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இவற்றை வாசிக்க வாசிக்க ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. பழைய மாணவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் அவர்களின் திறமையையும், பாடசாலையின் ஒழுக்கத்தையும், ஆசிரியர்களின் பெருமையையுமே சொல்லி வருகிறோம். அவையெல்லாம் உண்மையே. ஆனால் இந்த ஊரில் ஆங்கிலம் படித்து வெளியேறிய ஒருவர் என்னவானார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அவர் எந்த ஆண்டில் வெளியேறினார் என்பதுதான். ஒரே வாங்கில் இருந்து படித்த அண்ணனும் தம்பியும் நான்கு ஆண்டு இடைவெளியில் வெளியேறியதாலேயே இருவேறு உலகங்களில் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள்.

ஆங்கிலக் கல்வி இங்கே வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். புனித சூசையப்பர் கல்லூரி தொடங்கியது 1867இல். இன்று இராமகிருஷ்ண மிஷன் ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி என வழங்கும் பாடசாலையின் தொடக்கம் 1897. பெண்பிள்ளைகளுக்காகத் தங்கம்மா சண்முகம்பிள்ளை அவர்கள் தொடங்கிய சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923இல் வந்தது. ஆங்கிலப் பாடசாலை என்றால் மாதக் கட்டணம் உண்டு. தமிழ்ப் பாடசாலைக்கு அது இல்லை. ஆகவே ஒரு வீட்டில் நான்கு ஆண்பிள்ளைகள் இருந்தால் ஒருவனை மட்டும் ஆங்கிலத்துக்கு அனுப்புவதும், மற்றவர்கள் தோட்டத்தையோ கடையையோ பார்ப்பதும் வழக்கமாக இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வரும்வரை ஆங்கிலம் படித்த ஒவ்வொருவருக்குப் பின்னாலும், படிக்காமல் விட்டுக்கொடுத்த ஒரு சகோதரனோ சகோதரியோ இருந்திருப்பார்.

அந்த முதல் தலைமுறையின் வாழ்க்கை இன்று நினைக்கும்போதும் வியப்பூட்டுகிறது. திருகோணமலையில் பிறந்து சென்னை சென்று ஆங்கில உயர்கல்வி பெற்ற சகோதரர்கள் இருவர்: த. கனகசுந்தரம்பிள்ளையும் த. சரவணமுத்துப்பிள்ளையும். மூத்தவர் தமிழ் நூல்களை ஆராய்வதிலும் பதிப்பதிலும் ஈடுபட்டார். இளையவர் 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அது மதிக்கப்படுகிறது. ஆங்கில நாவல்களை வாசித்த ஒரு திருகோணமலைக்காரர், தஞ்சை, மதுரை நாயக்கர் காலத்துக் கதையைத் தமிழில் எழுதினார் என்பதை எங்கள் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவார்கள்?

சுவாமி விபுலானந்தரையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்கிறேன். 1892இல் காரைதீவில் பிறந்தவர் அவர். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இருந்த மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் வழியே படித்தார். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் அடுத்தடுத்துப் பெற்றார். 1925இல் எங்கள் ஊர் இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபின் இங்கே வந்து அதனை நடத்தினார். மிஷன் பாடசாலையில் ஷேக்ஸ்பியரைப் படித்தவர், 1926இல் ‘மதங்க சூளாமணி’யில் அந்த நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்தார். எழுதுவினைஞர்களை உருவாக்குவதற்காக அமைந்த ஒரு படிப்பு, யாழின் சுருதிகளைக் கணித முறையில் ஆராயும் ஒருவரையும் உருவாக்கியது. ஆனால் அதே படிப்பை அவர், சிங்களம் மட்டுமே அரசகரும மொழியான 1956க்குப் பிறகு முடித்திருந்தால் என்னவாகியிருப்பார் என்ற கேள்வியும் எனக்குள் எழாமல் இல்லை.

எங்கள் ஊர் ஆங்கிலப் பாடசாலைகளின் பெரிய வாசல் கடற்படைத் தளமாகவே இருந்தது. ‘டொக்யாட்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. அவற்றுக்கும், பண்டகசாலைகளுக்கும், பட்டறைகளுக்கும், சம்பளப் பகுதிக்கும் ஆங்கிலத்தில் கணக்கெழுதத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். இடாப்பில் 1930களின் பிற்பகுதியிலிருந்து கடைசி நிரலில் ‘டொக்யாட்டில் வேலை’ என்பது அடிக்கடி வருகிறது. பதினாறு வயதில் கூட ஒருவர் போயிருக்கிறார்.

1942ஆம் ஆண்டுக்குரிய பக்கம் மட்டும் வேறு விதமானது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்காக எரிந்தது. அதையடுத்த வாரங்களில் விடுகை எழுதப்பட்ட பிள்ளைகளுக்கு மேலிருந்து கீழாக ஒரே காரணம்: ‘ஊரை விட்டுச் சென்றார்’. இரண்டாவது பெயரிலிருந்து எழுதுவினைஞர் மேற்படிக் குறி மட்டும் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். அவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை 1943, 1944ஆம் ஆண்டுச் சேர்வுகளோடு ஒப்பிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். திரும்பாதவர்கள் பலர்.

என் தந்தையார் திரும்பி வந்தவர்களுள் ஒருவர். பாடசாலை இறுதிப் பரீட்சையான எஸ்.எஸ்.சி. தேறி 1946இல் பாடசாலையை விட்டார். அடுத்த ஆண்டு டொக்யாட் பண்டகசாலையில் எழுதுவினைஞரானார். கயிறு, தார், ஆணி, கன்வஸ் துணி, பித்தளைத் திருகு என்று வருவதையும் போவதையும் பேரேட்டில் பதிவது அவருடைய வேலை. அந்தக் கையெழுத்தை நான் பிற்காலத்தில் எங்கள் வீட்டுக் கணக்குக் கொப்பிகளில் கண்டிருக்கிறேன். மேல்நோக்கிப் போகும் கோடு மெலிந்தும், கீழ்நோக்கி வரும் கோடு தடித்தும், எல்லா எழுத்தும் வலப்பக்கம் ஒரே அளவில் சாய்ந்தும் இருக்கும். தவறு வந்தால் அழிக்கமாட்டார். சிவப்பு மையினால் ஒரு மெல்லிய கோடு கீறி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் தன் முதலெழுத்துகளை இடுவார். வீட்டு உப்புப் புளிக் கணக்குக்கும் அதே முறைதான்.

1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. ஒரு நாட்டின் இறைமைக்கு அது நியாயமானதும் தேவையானதுமான செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆங்கிலக் கணக்கை நம்பி வாழ்ந்த ஒரு தலைமுறையின் கையில் அன்று வேலை இல்லாமற் போனது. என் தந்தையாருக்கு வயது இருபத்தொன்பது. அதற்கு முந்திய ஆண்டுதான் அரசகரும மொழிச் சட்டம் வந்திருந்தது. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியிலோ கொழும்புத் திணைக்களம் ஒன்றிலோ இடம் தேடலாம் என்றால், சிங்களம் தெரியாதவருக்கு எதிர்காலம் இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. எட்டு மாதங்கள் வேலையின்றி இருந்தார். அந்த எட்டு மாதங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஆட்கள் வந்து காத்திருப்பார்கள் என்று அம்மா சொல்வார். காணி உறுதி, பென்சன், இடமாற்றம் என்று எல்லாவற்றுக்கும் அவர் ஆங்கிலத்தில் பெத்தீசம், அதாவது மனு, எழுதிக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. சிலர் மீன் கொண்டு வந்தார்கள், சிலர் நெல் கொண்டு வந்தார்கள். பிறகு ஒரு கிராமத்துப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்து, அந்தத் தொழிலிலேயே ஓய்வு பெற்றார்.

அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் எழுதுவினைஞர் பரீட்சையில் தேறி 1949இல் கொழும்பு போனவர். அப்போது ஊரில் எல்லோரும் அவரையே கெட்டிக்காரர் என்றார்கள். சிங்களப் பரீட்சை எடுக்க வேண்டும், தேறாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும் என்ற நிலை வந்தபோது, நாற்பது வயதை நெருங்கிய அவர் மறுத்துவிட்டார். ஏற்றம் நின்றது. ஆண்டுகள் பல ஒரே சம்பளத்தில் இருந்துவிட்டு, வயது வருமுன்னரே பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார். என் தந்தையாரும் அவரும் மாலையில் கடற்கரை வீதியில் சேர்ந்து நடப்பார்கள். இருவரும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வார்கள். வீட்டில் எங்களோடு அவர்கள் பேசியது தமிழ் மட்டுமே.

அரசாங்கத்தின் தயவை எதிர்பாராத தொழில் வேண்டும் என்று நினைத்தவர்கள் சட்டத்தின் பக்கம் போனார்கள். 1933இல் பிறந்த இரா. சம்பந்தன் அவர்களின் வாழ்க்கையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, குருநாகல் புனித அன்னாள் கல்லூரி, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரி, மொறட்டுவை புனித செபஸ்தியார் கல்லூரி என நான்கு பாடசாலைகளில் படித்து, சட்டக் கல்லூரி முடித்து வழக்கறிஞரானார். 1977இல் திருகோணமலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானார். 2024இல் காலமானார். நான்கு பாடசாலைகளும் அவரைத் தம் பழைய மாணவர் என்று சொல்லலாம். பிள்ளைகள் தகப்பனாரின் வேலையோடு ஊரூராகப் பாடசாலை மாறிய காலம் அது என்பதை எங்கள் இடாப்பின் ‘தகப்பனார் இடமாற்றம்’ என்ற சொற்களும் காட்டுகின்றன.

அதற்குப் பிந்திய தலைமுறைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அவர்கள் ஆங்கிலப் பாடசாலையின் பெயரைச் சுமந்தார்களே தவிர ஆங்கில வழியில் படித்தவர்கள் அல்லர். 1950களில் தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கும் வந்தது. 1960இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு புள்ளிகள் கேட்கும் தரப்படுத்தல் வந்தபோது, பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250 புள்ளிகளும் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227 புள்ளிகளும் தேவைப்பட்டன. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் போன்ற இடங்களின் பிள்ளைகள் சிலருக்கு உதவியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் அப்படி மருத்துவ பீடம் போனவர் உண்டு. 1980களின் தொடக்கத்தில் பிறிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் சிலருக்கு ஊரிலேயே வேலை கொடுத்தன. 1983க்குப் பிறகு வெளியேறியவர்களின் முகவரிகள் லண்டன், டொரொண்டோ, டோஹா என்று போகின்றன.

2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை, எங்கள் கடற்கரையில் ஐந்து இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். பாடசாலைக் கல்வியை முடித்து, அடுத்த படியில் கால் வைக்க இருந்தவர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2019இல் போதிய சாட்சியம் இல்லையென விடுவிக்கப்பட்டார்கள். பழைய மாணவர்களின் தொழில்களைப் பற்றி எழுதும் எவரும் இந்த ஊரில் அந்த ஐந்து பேரைத் தாண்டி எழுத முடியாது. அவர்களுக்கு எதிரே எழுத எந்தத் தொழிலும் இல்லை.

மலரைத் தொகுப்பவர்களுள் சிலருக்கும் எனக்கும் இப்போது ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. மருத்துவர், பொறியியலாளர், சட்டத்தரணி, நிர்வாக சேவை எனத் தொழில்வாரியாகப் பிரித்து, படத்தோடு போட வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். விடுகை ஆண்டுவாரியாக, சேர்ந்த எல்லோரையும், கட்டணம் செலுத்தாததால் நிறுத்தப்பட்டவர்களையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். தொழில்வாரியாகப் போட்டால் 1946இல் வெளியேறியவர்களுக்கும் 1956இல் வெளியேறியவர்களுக்கும் இடையே என்ன நடந்தது என்பது வாசிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். முடிவு இன்னும் எட்டவில்லை. முடிவு எதுவானாலும் நான் ஆண்டுவாரியான பட்டியலையே தயாரித்து வருகிறேன். 1931 முதல் 1948 வரை முடித்துவிட்டேன்.

பூச்சி தின்ற பெயர்களை மீட்க ஒரு வழி இருக்கிறது. அக்காலத்து விடுகைப் பத்திரத்தின் மேல் மூலையில் இடாப்பின் தொடரிலக்கம் எழுதப்பட்டிருக்கும். அப்பாவின் அலுமாரியில், காணி உறுதிகளுக்கு அடியில், நான்காக மடித்த நிலையில் அவருடைய பத்திரம் கிடைத்தது. இலக்கத்தைப் பார்த்து இடாப்பைத் திருப்பினேன். அவருடைய பெயரின் நடுவில் ஒரு துளை. கடைசி நிரலில் ‘மேற்படிப்பை விரும்புகிறார்’ என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு விருப்பம் இருந்ததாக அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உங்கள் வீடுகளிலும் தகப்பனாரின், பாட்டனாரின் விடுகைப் பத்திரம் இருக்கக்கூடும். உறுதிக்கட்டுகளுக்கு அடியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். மூலையில் உள்ள இலக்கத்தை மட்டும் குறித்துத் தந்தால் போதும்.