அடுத்தவர் திறக்கப்போகும் கோப்பு

கரூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் கோபா (கணினி இயக்குபவர், நிரலாக்க உதவியாளர்) பிரிவில் பயிற்றுநராக இருந்த ஆண்டுகளில், வகுப்பில் வேர்டு சொல்லிக்கொடுப்பதோடு, மாணவர்களைப் பணியிடப் பயிற்சிக்கு அனுப்பி அங்கே நேரில் சென்று பார்த்து வருவதும் என் பொறுப்பாக இருந்தது. ஓராண்டுப் பாடத்திட்டத்தில் 150 மணி நேரம் இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது; அருகில் தகுந்த நிறுவனம் இல்லாவிட்டால் குழுச் செயல்திட்டம் செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு உதவித்தொகையுடன் செய்யும் பயிற்சி வேறு, இது வேறு. பெற்றோரில் பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால், முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

எங்களிடம் வரும் பிள்ளைகள் பலரும் தட்டச்சுப் பயிலகத்தில் பழகியவர்கள். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்ற பயிற்சி விரல்களுக்கு நல்ல ஒழுங்கைத் தருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தட்டச்சுப் பொறியில் தாளை உருவி எடுத்ததும் வேலை முடிந்துவிடும். அலுவலகத்துக் கணினியில் இருக்கும் கடிதமோ அடுத்த மாதம் வேறொருவர் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி மறுபடியும் அனுப்பப்போகும் கடிதம். இந்த வேறுபாட்டை வகுப்பறையில் எவ்வளவு விளக்கினாலும் பிள்ளைகள் தலையாட்டுவார்களே தவிர, அது மனதில் பதிவதில்லை.

ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் அது பதிந்ததைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் மாணவி ஒருத்தி வாடிக்கையாளர் பட்டியலை அழகாகத் தட்டச்சு செய்திருந்தாள். அச்சில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அங்கே நெடுங்காலமாக வேலை பார்த்த அம்மா ஒருவர், மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினார். திரை முழுக்கப் புள்ளிகள். "இதெல்லாம் நீ தட்டின ஸ்பேஸ்தான் கண்ணு. இப்ப ஒரு பேரை நீளமா மாத்தறேன், வரிசை என்னாகுதுன்னு பாரு" என்று மாற்றிக் காட்டினார். அந்த வரியின் தொகை மற்றத் தொகைகளை விட்டு விலகிப் போயிற்று. டேப் விசையையும் அட்டவணையையும் நான் வகுப்பில் நடத்தியிருந்த பாடம், அவளுக்கு அன்று அந்த மேசையில்தான் தேவையாக மாறியது.

ஆவண எழுத்தர் அலுவலகங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. பழைய கிரயப் பத்திர வரைவுகள் பலவும், ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எண்ணைத் தரும் யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துருக்கள் அவை; வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் பத்திரம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும், ஒரு சர்வே எண்ணுக்குரிய கிராமத்தின் பெயரைத் தமிழில் தேடினாலும் கிடைக்காது. 'கொ' என்ற எழுத்தை அவை கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளாகச் சேமிக்கின்றன. யூனிகோடில் ககரமும் அதன்பின் ஓர் உயிர்க்குறியும் நிற்கும். தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்துப் பழகிய கைக்கு, மெய்யை முதலில் கேட்கும் தமிழ்99 விசைப்பலகை சில வாரங்களுக்குத் துன்பமாகத்தான் இருக்கும். தமிழ்99 வந்தது 1999இல். யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010இல். இருந்தும் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளில் இட்டு, வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலையை மாணவர்களிடம் கொடுத்த அலுவலகங்களை நான் மிகவும் மதிக்கிறேன். எல்லை அளவில் ஓர் இலக்கம் மாறினால் என்ன நேரும் என்பதை அந்தப் பிள்ளைகள் அங்கே அறிந்துகொண்டார்கள்.

ஜவுளி ஏற்றுமதி அலுவலகங்களில் கற்றவை சிறியவை, ஆனால் அன்றாடம் உதவுபவை: பல பக்கம் ஓடும் பேக்கிங் லிஸ்டில் தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வரச் செய்வது, தாள் அளவு லெட்டரா ஏ4ஆ என்று அச்சிடும் முன்பே பார்ப்பது.

எல்லா இடமும் இப்படி அமையவில்லை. ஜெராக்ஸ் எடுக்கவும் தேநீர் வாங்கவும் மட்டுமே பிள்ளைகளைப் பயன்படுத்திய ஒரு நிறுவனத்திலிருந்து அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டேன். அதன்பிறகு, உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் ஓர் ஆவணத்தையாவது முதலிலிருந்து முடிவு வரை அவர்களிடம் ஒப்படையுங்கள் என்று ஒவ்வொரு முதலாளியிடமும் முன்கூட்டியே கேட்டேன். ஆதார், பான் எண்கள் உள்ள கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வரக்கூடாது என்று மாணவர்களிடமும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

வகுப்பையும் மாற்றிக்கொண்டேன். வெற்றுப் பக்கத்தில் தட்டச்சு செய்யச் சொல்வதைக் குறைத்து, ஒருவர் செய்த கோப்பை இன்னொருவரிடம் கொடுத்து, ஒரு பெயரை நீளமாக்கவும் நடுவில் ஒரு பத்தியைச் சேர்க்கவும் சொன்னேன். மாற்றிய பின்னும் பக்கம் கலையாமல் நின்றால், மதிப்பெண் கோப்பை முதலில் செய்தவருக்கு.