இரண்டாவது கடிதம்

“ஒரு காகிதம்தானே மேடம், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்” என்று அந்தத் திருநங்கையிடம் நான் சொன்னதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

சிகிச்சைக்கு வருபவர்களின் கோப்புகளைக் காப்பீட்டுக்கு அனுப்புவது என் வேலை. காப்பீட்டு நிறுவனம் அவருடைய பாலின மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்அனுமதி மறுத்திருந்தது. அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்து மனநல நிபுணர்கள் இருவர் தரும் கடிதங்கள் வேண்டும், கோப்பில் ஒன்றுதான் இருக்கிறது என்பது காரணம். அவர் அதைப் படித்துவிட்டு, திருநர் உடல்நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கமான டபிள்யூபாத் (WPATH) 2022இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையின் எட்டாம் பதிப்பில் ஒரே கடிதம் போதும் என்று இருப்பதையும், இரண்டு கேட்டது அதற்கு முந்தைய ஏழாம் பதிப்புதான் என்பதையும் எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரி. எனக்கும் அது தெரியும். இதையே மேல்முறையீட்டில் எழுதலாமா என்று கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

“உங்களுக்கு அது காகிதம். நான் யார் என்பதை இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்லிவிட்டு, அவர் நம்புவாரா என்று நான் காத்திருக்க வேண்டும்” என்றார். குரலை உயர்த்தவில்லை. கொண்டுவந்திருந்த பக்கத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் யோசிக்காமல் சொல்லவில்லை. மேல்முறையீடு எத்தனை வாரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை பொறுக்காமல், அனுமதியின்றிச் சொந்தப் பணத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டால், பிறகு அந்தத் தொகையைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் நடக்காது. அவர் கையிருப்போ ஏற்கெனவே கரைந்திருந்தது. அறுவை செய்யும் இடத்தில் முடியை நிரந்தரமாக நீக்கிவிட்டு வரச் சொன்னவர் அறுவை மருத்துவர். அதையே அழகுச் சிகிச்சை என்று ஒதுக்கியது காப்பீட்டு நிறுவனம். ஒவ்வொரு முறையும் அவரே பணம் கட்டினார். தொடர்ந்து எடுக்க வேண்டிய ஹார்மோன் மருந்துகளும், அவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும் தனிச் செலவு. இத்தனைக்கும் மேல் மருத்துவமனைச் செலவையும் அவர் தலையில் கட்டிவிடக்கூடிய ஒரு வழியைக் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டாவது கடிதம் வந்தது, அனுமதியும் கிடைத்தது. ஆகவே நான் சொன்னதுதான் சரி என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டாவது நிபுணரின் கட்டணத்தைக் காப்பீடு தரவில்லை. குறித்திருந்த அறுவை சிகிச்சைத் தேதியும் தள்ளிப்போனது. அதைவிட என்னை வருத்துவது, இரண்டு வழிகளையும் அவர் முன் வைத்து, எதில் என்ன இழப்பு என்று விளக்கி, முடிவை அவரிடம் விடாமல், அவருக்காக நானே தீர்மானித்ததுதான். அது அவர்மேல் கொண்ட அக்கறையா, கோப்பு சீக்கிரம் முடியட்டும் என்ற என் அவசரமா என்று இப்போது என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாங்கள் மறுபேச்சின்றி அனுப்பியதால், பழைய விதி இன்னும் செல்லும் என்று அந்த நிறுவனமும் எடுத்துக்கொண்டிருக்கும்.

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில், அனுப்ப வேண்டிய ஆவணங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அடுத்தவருக்கும் நிராகரிப்பு வரக்கூடாது என்று, அன்று மாலையே அதில் ‘கடிதம்: 2’ என்று என் கையால் எழுதிவைத்தேன். அதன்பின் வந்த மூவரிடம் முன்கூட்டியே இரண்டு கடிதங்கள் கேட்டு வாங்கினேன். மூவருக்கும் முதல் முறையிலேயே அனுமதி கிடைத்தது. அந்த வரியை அடித்துவிட வேண்டும் என்று பலமுறை பேனாவை எடுத்திருக்கிறேன். அடித்தால், தள்ளிப்போகப்போவது அடுத்து வருபவரின் அறுவை சிகிச்சைத் தேதி.