புது கேரியரோடு பழனி மலை

குழந்தைக்கு மொட்டை போடப் பழனிக்குப் போகிறவர்கள், குழந்தையை நெஞ்சோடு கட்டிச் சுமக்க வாங்கிய பேபி கேரியரை அடிவாரத்தில் வைத்து முதன்முதலாகப் பிரிப்பது வேண்டாத வேலை. மலைக்கு 693 படி. அதற்கு முன் நாலைந்து நாள் வீட்டு மாடிப்படியில் அரை மணி நேரமாவது மாட்டிப் பழகுங்கள். குழந்தைக்கும் அது பழகணும்.

முதலில் இடுப்பு பெல்ட். தொப்புள் மட்டத்தில், இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். பக்கிள் 'டக்' என்று விழும் சத்தம் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பிறகு குழந்தையை நெஞ்சோடு அணைத்து, ஒரு கையை அதன் முதுகிலிருந்து எடுக்காமலே துணியை மேலே இழுத்து, தோள்பட்டைகளை மாட்டுங்கள். பிடரிக்குக் கீழே இருக்கும் சின்ன பக்கிள் கைக்கு எட்டவில்லை என்பதுதான் எல்லோருடைய முதல் புகார். பட்டைகளை இறுக்கிய பிறகு எட்டவே எட்டாது. இரண்டையும் நன்றாகத் தளர்த்தி, பக்கிளை மேலே நகர்த்தி, பூட்டிவிட்டு, அப்புறம் பக்கத்துக்கு ஒன்றாக இழுங்கள்.

இடும்பன் இரண்டு மலையைத் தோளில் காவடியாகச் சுமந்தான். நமக்குச் சுமை தோளில் நிற்கக் கூடாது. பத்து நிமிடத்தில் தோள் கடுத்தால், அநேகமாக பெல்ட் கீழே சரிந்திருக்கும். குழந்தை சரியாக உட்கார்ந்திருந்தால் தூளியில் கிடப்பதுபோல முதுகு லேசாக வளைந்து, முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து நிற்கும். தாடை நெஞ்சில் ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். ஒட்டினால் மூச்சுத் திணறும். முகம் துணியில் புதையாமல் கண்ணுக்குத் தெரியணும், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்டணும். குழந்தையின் முதுகில் கைவைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். இன்னும் உள்ளே நகர்ந்தால் பட்டை தொளதொளவென்று இருக்கிறது.

கோயிலுக்கு என்பதால் உடுப்பும் கவனிக்க வேண்டும். பட்டுப்புடவை மேல் பெல்ட் நிற்காது, வழுக்கும், கொசுவமும் கலைந்துவிடும். பருத்திப் புடவையோ சுடிதாரோ நல்லது. வேட்டிக்காரர்கள் முடிச்சை இறுக்கிக் கட்டி, அதன் மேல் பெல்ட்டைப் போடுங்கள். பெல்ட் போட்டபின் மடித்துக் கட்ட வராது. தாலிச்செயினை ரவிக்கைக்குள் விட்டுவிடுங்கள், குழந்தையின் கன்னத்தில் அழுந்தும்.

மொட்டை அடிவாரத்திலேயே முடிந்துவிடும். தலையில் பூசிய சந்தனம் ஈரமாக இருக்கும்போதே கேரியரில் போட்டால் பாதி உங்கள் நெஞ்சில்தான் இருக்கும். காயட்டும். மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை நெஞ்சில் விரித்துக்கொண்டால் வியர்வைக்கும் ஆகும். கேரியரே ஒரு சட்டை மாதிரிதான். குழந்தைக்கு உள்ளே மெல்லிய துணி ஒன்று போதும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: சூடாக, நசநசவென்று இருந்தால் நிழலில் உட்கார்ந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

செருப்பில்லாமல் ஏறுவதால் வெயில் ஏறியபின் கல் சுடும், விடியற்காலையே சரி. மலைக்கு ஏறும் இன்னொரு வழியான யானைப் பாதை படியைவிடச் சாய்வு குறைந்தது, நேரம் கொஞ்சம் கூடும். கைபேசி மலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது என்பதால், பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று கீழேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் ஓரமாக உட்கார்ந்து, பால் கொடுக்கும் பக்கத்துப் பட்டையைத் தளர்த்திக் குழந்தையைச் சற்று இறக்கலாம். குடித்து முடித்ததும் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். அப்படியே தூங்கவிடுவதுதான் ஆபத்து. பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூட வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும்.

ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் கேரியரின் குறை தெரியும்: நெஞ்சில் குழந்தை இருந்தால் உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது. கைப்பிடிப் பக்கமாக, உடம்பைச் சற்று திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகு அடுத்த படி. கூட்டமாக இருந்தால் யானைப் பாதை வழியாகவோ விஞ்ச் எனும் இழுவை ரயிலிலோ இறங்குங்கள். ரோப் கார் பராமரிப்புக்கும் பலத்த காற்றுக்கும் நிற்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம். பிடிக்காமல் தானாக உட்காரும் குழந்தை என்றால், கேரியரும் அதற்கு இடம் கொடுத்தால், உப்புமூட்டையாக முதுகில் போடலாம். பாதம் தெரியும், ஆனால் குழந்தையின் முகம் தெரியாது. கூட ஒருவர் பின்னால் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கீழே விழுந்ததை எடுக்க இடுப்பை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள்.

கீழே வந்ததும் நின்றபடி கழற்ற வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கை குழந்தையின் முதுகில் இருக்க, முதலில் பிடரிப் பக்கிள், பிறகு தோள்பட்டை. குழந்தை இன்னொருவர் கைக்குப் போன பிறகுதான் பெல்ட்.